மகன் மேல் உள்ள வழக்கு: எதற்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்டக் கூடாது?

கேள்வி:

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. 2023 மே மாதம், என் மகனுக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அதே வாரம், ஊர்த் திருவிழாவில் பங்காளிகளுக்குள் தகராறு ஆகிவிட்டது. ஒருவருக்கு உதட்டில் காயம். ஆறு பேர் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். அதில் நான்காவது பெயர் என் மகனுடையது. வயது 19 என்று எழுதியிருக்கிறார்கள். பிரிவுகள் 294(பி), 323, 506 முதல் பகுதி. எங்களுக்குள் சமாதானம் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. புகார் கொடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியதே என் மகன்தான். ஆனால் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, அடுத்த மாதம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஆஜராகச் சொல்லி இப்போது சம்மன் வந்திருக்கிறது. மகன் இந்த ஆண்டு பட்டப்படிப்பை முடிக்கிறான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படிக்கிறான்.

ஒன்றரை லட்சம் கொடுத்தால் ஸ்டேஷன் கம்ப்யூட்டரிலிருந்தே பெயரை எடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் இரண்டாயிரத்தோடு முடிந்துவிடும் என்கிறார் கோர்ட்டில் தெரிந்தவர். மதுரை வழக்கறிஞர் ஒருவர் ஐகோர்ட்டில் ரத்து செய்ய அறுபதாயிரம் கேட்கிறார். நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறேன். எதற்காக வைப்பது என்றுதான் தெரியவில்லை.

– ஒரு தாய்

பதில்:

அம்மா, நகை இப்போதைக்குப் பீரோவிலேயே இருக்கட்டும். உங்களிடம் சொல்லப்பட்ட மூன்று தொகைகளில் இரண்டாயிரத்தைக் கண்டுதான் எனக்கு அதிகப் பயம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் என் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு கவரிலிருந்து லேமினேட் செய்த சிறு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். கோர்ட்டில் ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டிய ரசீது. வழக்கு முடிந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி என்று நம்பி, கசங்காமல் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். வேலைக்கான விசாரணையில் காவல்துறை அவரைப் பற்றி எழுதிய குறிப்பு, "குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டவர்." அவரால் நம்ப முடியவில்லை. "நான் ஜெயிலுக்கே போகவில்லையே மேடம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அபராதமும் தண்டனைதான். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று நீதிபதி கேட்டதற்கு "ஆமாம்" என்று சொன்ன ஒரு வார்த்தை, அவரைச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி ஆக்கிவிட்டது. தானே ஒப்புக்கொண்ட பிறகு, தண்டனையின் அளவையோ அது சட்டப்படி சரியா என்பதையோ தவிர வேறெதையும் மேல்முறையீட்டில் கேட்க வழியில்லை. அந்தக் காகிதத்தைத் திரும்ப அவர் கையில் கொடுத்த நாள் எனக்கு இன்றும் மனதை உறுத்துகிறது.

ஆகவே, சம்மன் தேதியன்று யார் என்ன சொன்னாலும் உங்கள் மகன் "ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லக் கூடாது. வாசலில் நிற்கும் குமாஸ்தா "நேரம் மிச்சம் தம்பி" என்பார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்பவர் அல்ல. அவருக்கு வழக்கை முடிப்பதுதான் கணக்கு. உங்களுக்கோ அது எப்படி முடிகிறது என்பதுதான் முக்கியம்.

ஒன்றரை லட்சம் கேட்பவர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃப்.ஐ.ஆர். பதிவானதுமே அதன் நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போய்விடுகிறது. சி.சி.டி.என்.எஸ். என்ற நாடு தழுவிய காவல்துறைக் கணினி வலையிலும் ஏறிவிடுகிறது. குற்றப்பத்திரிகையும் தாக்கலாகிவிட்ட நிலையில், ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் யாராலும் அந்தப் பெயரை உருவ முடியாது. முடியும் என்று சொல்பவர் உங்கள் பணத்தைத் தின்னப் போகிறார். அதோடு போகாது. 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம். மகன் மேல் உள்ள சிறு வழக்கைத் துடைக்கப் போய் உங்கள் மேல் பெரிய வழக்கு வரும்.

இனி அறுபதாயிரத்துக்கு வருவோம். உங்கள் மகன் போக நினைக்கும் வேலையை மனதில் வைத்துக்கொண்டுதான் இதைப் பார்க்க வேண்டும்.

வெளிநாடுகளில் சிலவற்றில், குறிப்பிட்ட காலம் கழித்து மனுப் போட்டு, கட்டணம் கட்டி, பழைய குற்றப் பதிவையே நீக்கிக்கொள்ளச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் வயது வந்தவர்களுக்கு அப்படிப் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. இங்கே நாம் செலவழிப்பது பதிவை அழிக்க அல்ல. அந்தப் பதிவைப் பார்த்து யாராவது கேள்வி கேட்டால், எடுத்து நீட்ட ஒரு நல்ல நீதிமன்ற உத்தரவை வாங்கத்தான். எந்த உத்தரவு நல்ல உத்தரவு என்பது வேலைக்கு வேலை மாறும். தனியார் நிறுவனத்துக்கு "விடுதலை" என்ற ஒரு சொல் பெரும்பாலும் போதும். காவல்துறைக்குப் போதாது.

தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்று ஒன்று இருக்கிறது. காவல்துறை சரிபார்ப்புக்கு முன் எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்படாதவராக இருக்க வேண்டும் என்கிறது அது. அதன் விளக்கக் குறிப்புதான் பல வீடுகளில் அடுப்பை அணைத்திருக்கிறது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டாலும், புகார்தாரர் பிறழ் சாட்சியம் சொன்னதால் விடுவிக்கப்பட்டாலும், அவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்று அது சொல்கிறது. இந்த விதி செல்லும் என்று 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்துவிட்டது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான்காவதாக ஒரு யோசனை உங்களிடம் விரைவில் வரும். "அதான் சமாதானம் ஆகிவிட்டதே, புகார் கொடுத்தவரே கோர்ட்டில் வந்து எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டால் கேஸ் தள்ளுபடி" என்பார்கள். செலவும் குறைவு. ஊரில் பாதி அடிதடி வழக்குகள் இப்படித்தான் முடிகின்றன. காவலர் வேலைக்குப் போகிறவனுக்கு, விதியிலேயே பெயர் சொல்லி மூடப்பட்ட வழி இது.

சரி, மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே இரு தரப்பும் ராஜி மனு கொடுத்தால் என்ன? காயப்படுத்தியதற்கான 323-உம் மிரட்டியதற்கான 506-உம் சமாதானத்துக்குரிய பிரிவுகள். பாதிக்கப்பட்டவர் ஒப்புக்கொண்டால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அது விடுதலைக்குச் சமம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் 294(பி) அந்தப் பட்டியலில் இல்லை. பொது இடத்தில் ஆபாச வார்த்தை பேசியதற்கான பிரிவு இது. நம் ஊரில் எந்தத் தகராறாக இருந்தாலும் புகாரின் முதல் வரியிலேயே "அசிங்கமான வார்த்தைகளால் திட்டி" என்று எழுதிவிடுவதால், கிட்டத்தட்ட எல்லா அடிதடி எஃப்.ஐ.ஆரிலும் இது ஒட்டிக்கொண்டே வருகிறது. அதிகபட்சம் மூன்று மாதச் சிறைதான். இருந்தும் இந்தச் சின்னப் பிரிவுதான் உங்களை உள்ளூரிலேயே முடித்துக்கொள்ள விடாமல் மதுரைக்கு இழுக்கிறது.

உயர் நீதிமன்றத்துக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. அதற்கு அந்த அதிகாரம் தருவது, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆவது பிரிவு. சமாதானத்துக்குரியது அல்லாத பிரிவாக இருந்தாலும், தனிப்பட்ட தகராறாக இருந்து இரு தரப்பும் உண்மையாகவே சமாதானமாகிவிட்டால் வழக்கை ரத்து செய்யலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே மதுரை வழக்கறிஞர் காட்டுவது சரியான வழிதான். புதுக்கோட்டை மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருவதால் சென்னைக்கு அலையவும் வேண்டாம்.

ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள்: மனுவை எந்த அடிப்படையில் போடப் போகிறீர்கள்? சமாதானத்தை மட்டும் சொல்லி வாங்கும் ரத்து உத்தரவைப் பார்த்து, "இதில் குற்றம் இல்லை என்று நீதிமன்றம் எங்கே சொல்லியிருக்கிறது?" என்று தேர்வு அதிகாரிகள் கேட்க இடம் இருக்கிறது. எனவே குற்றச்சாட்டே நிற்காது என்பதை மனுவில் முதலில் வைக்க வேண்டும். சமாதானம் அதற்குத் துணையாக வர வேண்டும். வெறும் வசைச் சொல் 294(பி)-இல் அடங்காது, அது ஆபாசமானதாக இருக்க வேண்டும் என்று 2022-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குற்றப்பத்திரிகையில் உங்கள் மகன் என்ன வார்த்தை பேசினார் என்று எழுதியிருக்கிறார்களா? உதட்டுக் காயம் யாருடைய கையால் என்று எந்தச் சாட்சியாவது சொல்லியிருக்கிறாரா? ஆறு பேரையும் சேர்த்து "எதிரிகள் அனைவரும்" என்று பொத்தாம் பொதுவாக எழுதியிருந்தால் அதுவே நல்ல வாதம். இதையெல்லாம் படித்துப் பார்த்து எழுதுகிறவருக்கு அறுபதாயிரம் கொடுக்கலாம். ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கும் சமாதான மனுவில் பெயரை மட்டும் மாற்றுகிறவருக்கு அது அதிகம்.

கட்டணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன், நானும் அதே தொழிலில் இருப்பவள் என்றாலும். இந்த மாதிரி மனுவில் நீதிமன்றக் கட்டணம், வக்காலத்தில் ஒட்டும் ஸ்டாம்ப், டைப்பிங், நகல் எல்லாம் சேர்ந்தாலும் சில ஆயிரங்களைத் தாண்டாது. மீதி முழுக்க வழக்கறிஞரின் உழைப்புக்கு. அதற்கு நிர்ணய விலை கிடையாது. இருபத்தைந்தாயிரத்துக்குச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு லட்சம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். எவ்வளவு என்பதைவிட, எதுவரை என்று பேசிக்கொள்ளுங்கள். உத்தரவு வந்து சான்றிட்ட நகல் கைக்கு வரும்வரை அந்தத் தொகைக்குள் அடங்குமா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாகக் கேட்பார்களா என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். சமாதான வழக்குகளில், ஒரு தொகையைச் சட்ட உதவிக்கோ வேறு பொதுக் காரியத்துக்கோ கட்டச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடுவதும் உண்டு. அதற்குக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். புகார்தாரர் நேரில் வந்து, காவல்துறை அவரை அடையாளம் காட்ட வேண்டியிருக்கும். அவருக்கு அன்றைய வேலையும் பஸ் செலவும் உங்கள் கணக்கில்தான் வரும்.

இன்னொன்றை யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ஆறு பேரும் ஒரே மனுவில் சேரலாம். வழக்கு ஒன்று, சமாதானமும் ஒன்று. ஆறு குடும்பங்களும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால், அறுபதாயிரம் தலைக்குப் பத்தாயிரம் ஆகிவிடும். அந்தப் பையன்களும் நாளை வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போகிறவர்கள்தானே.

இவ்வளவும் எழுதிவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோது, ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அதே வாரம் என்கிறீர்கள். எஃப்.ஐ.ஆரில் வயது 19 என்கிறீர்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிளஸ் டூ முடிக்கும்போது பதினேழில் இருப்பார்கள். ஸ்டேஷனில் வயதைக் கேட்காமலே மதிப்பாக எழுதுவது சாதாரணமாக நடப்பது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை எடுத்துப் பிறந்த தேதியைப் பாருங்கள். திருவிழா நடந்த அந்த நாளில் உங்கள் மகனுக்குப் பதினெட்டு நிறையவில்லை என்றால், மேலே நான் எழுதியதில் பெரும்பகுதி அவருக்குப் பொருந்தாது. அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்தியச் சட்டத்தில் பதிவை நிஜமாகவே அழிக்கும் ஏற்பாடு ஒன்று சிறார்களுக்கு மட்டும் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சிறாரின் பழைய பதிவுகள் அழிக்கப்பட வேண்டும், அவருக்குப் புதிய தொடக்கம் கிடைக்க வேண்டும் என்பதைத் தன் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. குற்றம் செய்தார் என்றே முடிவானாலும் அதனால் வரும் எந்தத் தகுதியிழப்பும் அவரைத் தொடாது என்கிறது 24-ஆவது பிரிவு. பதினாறு வயது தாண்டி, கொடிய குற்றத்தில் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான் விலக்கு. 74-ஆவது பிரிவு காவல்துறையின் கையையே கட்டுகிறது. நன்னடத்தைச் சான்றுக்காகவோ வேறு எதற்காகவோ சிறாரின் பதிவை அவர்கள் வெளியிடக் கூடாது. மத்தியப் படை ஒன்றின் வேலைக்குத் தேர்வானவரை, சிறு வயது வழக்கைக் காட்டி ஒதுக்கியதை 2019-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

உங்கள் மகன் அன்று சிறார் என்றால், அவருடைய வழக்கு மாஜிஸ்திரேட் முன்னால் இருப்பதே தவறு. பெரியவர்களோடு சேர்த்து ஒரு சிறாரை விசாரிக்க முடியாது. அவருடைய பகுதியைப் பிரித்து, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். இப்போது இருபது தாண்டிவிட்டாரே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சம்பவ நாளின் வயதுதான் கணக்கு. சிறார் என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம். சான்றுக்குப் பள்ளிச் சான்றிதழோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோதான் முதலில் எடுத்துக்கொள்ளப்படும். மூன்று பிரிவுகளுமே மூன்று ஆண்டுக்குள் தண்டனை உள்ளவை. ஆகவே சிறார் சட்டத்தின் கணக்கில் இது சிறு குற்றம். முதன்முதலில் குழுமத்தின் முன் ஆஜரான நாளிலிருந்து நான்கு மாதம், நீட்டித்தால் இன்னும் இரண்டு மாதம். அதற்குள் விசாரணை முடியாவிட்டால் சிறு குற்ற நடவடிக்கை தானாகவே முடிந்துவிடும் என்பது சட்டம். சட்ட உதவி கிடைப்பதை உறுதி செய்வது குழுமத்தின் கடமை. உங்கள் செலவு பெரும்பாலும் பஸ் டிக்கெட்டோடு நிற்கும்.

பதினெட்டு ஒரு நாள் முன்னால் நிறைந்திருந்தாலும் இந்தக் கதவு திறக்காது. அப்போது மதுரைதான். பணம் இல்லாததால் மதுரைக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம். பெண்ணாகிய உங்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ஆனால் இங்கே மனுதாரர் உங்கள் மகன் என்பதால் அவருடைய தகுதியைத்தான் பார்ப்பார்கள். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி என்றால் வருமானம் தடையில்லை. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மதுரைக் கிளையில் இதற்கென்றே உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது.

ரத்து உத்தரவு வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். சான்றிட்ட நகல் நான்கைந்து வாங்குங்கள். ஒன்றை மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் ஒன்றை ஸ்டேஷனிலும் மனுவோடு கொடுத்து, கணினிப் பதிவில் வழக்கின் நிலையை மாற்றச் சொல்லி, கொடுத்ததற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். உத்தரவு வாங்கியும் கணினியில் "நிலுவை" என்றே நிற்பதால் தடுமாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். இணையத்தில் கிடக்கும் தீர்ப்புகளிலிருந்து பெயரை மறைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். விடுதலையான ஒருவருக்காக 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளை அப்படி உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அதற்காக இப்போது யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

தேர்வு விண்ணப்பத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "உங்கள் மேல் குற்ற வழக்கு ஏதும் உண்டா?" என்ற கட்டத்தில், வழக்கு நிலுவையில் இருந்தால் எண்ணோடு எழுத வேண்டும். ரத்தாகியிருந்தால் ரத்து உத்தரவின் எண்ணோடு எழுத வேண்டும். மறைத்தது தெரிந்தால், வழக்கு எவ்வளவு சிறியதானாலும் மறைத்ததற்காகவே வேலை போகலாம். 2016-இல் உச்ச நீதிமன்றம் இதற்கான அளவுகோல்களை வகுத்தபோது, உண்மையைச் சொன்னவரின் வழக்கை அதிகாரிகள் பரிசீலிக்கலாம் என்றும், மறைத்தவர் மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்றும் பிரித்துச் சொன்னது. சிறார் வழக்கு என்று ஆகிவிட்டால் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்பதைக் குழுமத்தின் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் கேட்டு எழுதுங்கள். காவல்துறை சரிபார்ப்பின்போது வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு கௌரவமாக விடுதலை ஆனாலும், அடுத்த தேர்வில்தான் உரிமை கோர முடியும் என்று அதே 14(பி) சொல்வதால், நாளைக் கடத்தாதீர்கள்.

இன்று மாலை பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுங்கள். பிறந்த தேதியையும் எஃப்.ஐ.ஆரில் உள்ள சம்பவத் தேதியையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதுங்கள். இடையில் பதினெட்டு ஆண்டு நிறையவில்லை என்றால், சம்மன் தேதிக்குக் காத்திராமல் அந்த இரண்டின் நகலோடு நாளையே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மகனையும் கூட்டிப் போங்கள். கையெழுத்து அவர்தான் போட வேண்டும்.